ஏழாம் கவுன்டரில் என் அக்காவின் தலைமுடி

அன்றைக்கு அந்தச் சாயம் என் அக்காவின் நெற்றியில் ஒரு கோடாவது வழிந்திருந்தால், காது மடலில் ஒரு சொட்டாவது ஒட்டியிருந்தால், அவள் தன் மகளின் பிரசவத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்திருப்பாள் என்றுதான் ஐந்து வாரமாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். வழியவில்லை, ஒட்டவில்லை. வீட்டுக் குளியலறைக் கண்ணாடி முன்னால், முதல் தடவையிலேயே, அவ்வளவு அழகாக வந்து தொலைத்தது.

நான் பூசினால் இப்படி ஆகாது. பத்து வருஷமாகப் பூசுகிறேன். கழுத்து, துண்டு, கதவுக் கைப்பிடி, முடியைத் தவிர எல்லாவற்றிலும் நன்றாகப் பிடிக்கும். அக்கா வேறு ரகம். முப்பது வருஷம் பள்ளிக்கூட ரசாயன ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து, மாணவர்கள் ஊற்றியதையெல்லாம் துடைத்து, ஊற்ற வேண்டியதைச் சொட்டு எண்ணி ஊற்றிப் பழகியவள். இரண்டு நாள் முன்னதாகவே காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து, தோல் அரிக்கிறதா என்று பார்த்தாள். கன்னங்கரேலென்று வாங்காமல் கரும்பழுப்பு வாங்கினாள். நெற்றி ஓரத்திலும் காதைச் சுற்றியும் வாசலின் தடவினாள். கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு குழம்பையும் சரிபாதி கலந்து, முடியை நாலாக வகிர்ந்து, நரை அதிகமிருந்த நெற்றிப்பொட்டுப் பக்கத்தில் முதலில் தொடங்கினாள். முப்பத்தைந்து நிமிஷம் கடிகாரம் பார்த்தாள். தண்ணீர் தெளிவாக ஓடும்வரை அலசினாள். இதையெல்லாம் பழைய ஆய்வக நோட்டில் ‘நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு’ என்று தலைப்புப் போட்டு எழுதியும் வைத்தாள். ‘முடிவு’ என்பதற்கு எதிரே ‘நன்று’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள்.

“நோக்கம்னு என்னக்கா எழுதியிருக்க?” என்று எட்டிப் பார்த்தேன். ‘மகள் பயப்படாமல் இருக்க’ என்று எழுதியிருந்தது.

அவளுடைய மகள் கடல் தாண்டி இருக்கிறாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை, பிரசவத்துக்கு வரமுடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் தங்காமல் போனபோது அத்தான் படுத்த படுக்கை. அக்காவால் அசைய முடியவில்லை. அந்தப் பெண் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய்த் தனியாக வீட்டுக்கு வந்தது. அத்தானும் ஐந்து மாதத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். அவர் படுத்திருந்த காலத்திலேயே அக்காவின் தலை முழுக்க வெளுத்திருந்தது. இப்போது ஆறு வாரத்தில் இரண்டாவது பிரசவம்.

“அம்மா, வீடியோல உன் தலையப் பாக்கறப்பல்லாம் அப்பா போனதுதான் ஞாபகம் வருது. மனசு திக்குனு இருக்கு. பழைய மாதிரி வாம்மா. வந்து என் கையப் புடிச்சுக்கோ, போதும்” என்றது பெண். அதற்குத்தான் இந்தச் சாயம்.

பாஸ்போர்ட் அச்சாகித் தயாராக இருந்தது. ஏழாம் கவுன்டரில் போய் முகத்தைக் காட்டி, ‘ஒப்புமை உறுதி’ என்று ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு எடுத்துவர வேண்டியதுதான் பாக்கி. நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். எந்த அலுவலகத்துக்கு எத்தனை நகல் வேண்டும் என்பது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒன்றுக்கு மூன்றாக எடுத்துக்கொண்டு துணைக்குப் போனேன். பாஸ்போர்ட்டில் இருந்த படமும் என் கடையில் எடுத்ததுதான். அத்தான் போன மூன்றாவது வாரம், கடையின் பின்சுவரில் வெள்ளைத் துணியைக் கட்டி நானே எடுத்தேன். எல்லோரிடமும் “சிரிக்காதீங்க” என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். அன்று அவளிடம் அதைச் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

தோற்ற ஒப்புமைத் துறை என்பது மூன்று மாடிக் கட்டிடம். ஒருவர் அவராகத்தான் இருக்கிறாரா என்று பார்ப்பது மட்டுமே அங்கே வேலை. அதற்கு நூற்றுப்பத்துப் பேர். ஏழாம் கவுன்டர் குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் எதையும் பார்ப்பார் என்பதால் அவருக்கு நெற்றிக்கண் என்று நான் பெயர் வைத்தேன். அவர் படத்தைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். அக்கா சிரித்தாள். மகளைப் பார்க்கப் போகிற சிரிப்பு, அவளுக்கு அடக்க முடியவில்லை.

“இது யாரு, உங்க அம்மாவா? அவங்கதான் நேர்ல வரணும்” என்றார்.

“நான்தாங்க அது. முடிக்குச் சாயம் போட்டிருக்கேன்.”

நெற்றிக்கண் எழுந்து குனிந்து அவள் வகிட்டை ஆராய்ந்தார். “எங்க போட்டிருக்கீங்க? ஒண்ணும் தெரியலையே.”

“தெரியாம இருக்கணும்னுதானே போடுறது?”

“என்னம்மா பேசறீங்க! நான் இந்த சீட்ல பதினாறு வருஷமா இருக்கேன். சாயம் போட்டவங்கள தூரத்துலயே கண்டுபிடிச்சிடுவேன். காதுல கறை இருக்கும், கழுத்துல இருக்கும், முன்முடி செம்பட்டையா இருக்கும். அதப் பாத்ததும் ‘சரி, இவங்க உள்ள நரைச்சவங்கதான்’னு முத்திரை குத்திடுவேன். உங்களுக்கு ஒண்ணுமே இல்ல. சாயம்னா தெரியணும். தெரியலைன்னா அது சாயம் இல்ல, முடி.”

இதைச் சொன்னபோது அவருடைய காதுக்கு மேலே ஒரு விரற்கடை அகலத்துக்குக் கறை இருந்தது. நான் அதையே முறைத்துப் பார்த்தேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது, லேசாகத் தடவிக்கொண்டார்.

மாடியில் கண்காணிப்பாளரிடம் அனுப்பினார்கள். அவர் தோற்ற மாற்ற விண்ணப்பம் ஒன்றை நீட்டினார். மாற்றத்துக்குக் காரணம் என்ற இடத்தில் மூன்று கட்டங்கள்: விபத்து, நோய், முதுமை. அக்கா பேனாவை வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தாள்.

“சார், இதுல எதுவும் இல்லீங்களே.”

“அதான் சிக்கல்” என்றார் கண்காணிப்பாளர், துக்க வீட்டில் பேசுகிற குரலில். “எங்க துறையில வயசு ஒரு பக்கமாத்தான் போகும். கறுப்பு வெள்ளையாகலாம், வெள்ளை கறுப்பாக இடமில்ல. ஒருத்தர் நல்லா ஆகிட்டு வந்தா எப்படிக் கையாளுறதுன்னு விதியே இல்ல. ஏன்னா இதுவரைக்கும் யாரும் இங்க அப்படி வந்ததில்ல.”

“புதுசா ஒரு ஃபோட்டோ எடுத்துக் குடுத்தா?” என்றேன் நான்.

“புது ஃபோட்டோன்னா புது விண்ணப்பம், மூணு மாசம். அதுக்குள்ள வேர் வெளுத்துடும். அப்புறம் அந்த ஃபோட்டோவும் இவங்க மாதிரி இருக்காது.”

“வெள்ளைச் சாயம் பூசிட்டு வந்தா?”

“அது ரெண்டாவது மாற்றம். ரெண்டாவது படிவம்.”

“மொட்டையடிச்சிட்டு வந்தா?” எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“ஒப்பிட என்னம்மா இருக்கும்?”

“கைரேகை பாருங்களேன்!”

“கைரேகை பக்கத்துக் கட்டிடம். அவங்க கைய மட்டும்தான் பாப்பாங்க, முகத்த நம்பமாட்டாங்க. நாங்க முகத்த மட்டும்தான் பாப்போம். ரெண்டு துறைக்கும் பேச்சுவார்த்தை இல்ல.”

முடிவில் ஒரு குறிப்பு எழுதினார். விண்ணப்பதாரரின் இயற்கையான வெள்ளை முடி இரண்டு அங்குலம் வளரும்வரை வாரம் ஒருமுறை அளந்து பதிவுசெய்ய வேண்டும். முடி மாதத்துக்கு அரை அங்குலம் வளரும். நாலு மாதம். அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள், பிறகு மறுபடி எண்ணினாள். ஆய்வகத்தில் வேலை பார்த்தவள், இரண்டு தடவை அளப்பாள்.

“மகளுக்கு ஆறு வாரத்துல பிரசவம் சார். அது தனியா இருக்கு” என்றாள்.

“தாராளமா போய்ட்டு வாங்க. நாங்க யாரையும் தடுக்கறதே இல்ல” என்றார் கண்காணிப்பாளர். “முத்திரை இல்லாம போகமுடியாது, அவ்வளவுதான்.”

அன்று மாலை பெண் கூப்பிட்டது. அக்கா தலையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். “ஐயோ அம்மா, சூப்பரா இருக்க! எப்ப டிக்கெட்?” என்றது. “இதோ, ஒரு சின்ன முத்திரை பாக்கி” என்றாள் அக்கா.

இரண்டாவது வாரம் துணிச் சோதனை வைத்தார்கள். சாயம்தான் என்று நிரூபித்தால் கருணையோடு பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். நெற்றிக்கண் ஒரு வெள்ளைத் துணியை நனைத்து, இரண்டு சாட்சிகள் முன்னிலையில், அக்காவின் முடியை அழுத்தித் தேய்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. சரியாக அலசிய முடி, எப்படி ஒட்டும்? ‘துணி கறுக்கவில்லை. ஆகவே முடி கறுப்பு’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். பிறகு சந்தேகத்துக்குத் தன் தலையிலும் ஒருமுறை தேய்த்துப் பார்த்தார். துணியை மளமளவென்று மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அதை யாரும் எழுதவில்லை. வேர் அளந்தார்கள்: ஒரு அங்குலத்தில் கால்வாசிகூட இல்லை.

மூன்றாவது வாரம் நான்தான் புத்திசாலித்தனம் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அந்த ஆய்வக நோட்டைக் கொண்டுபோனேன். செய்முறை, அளவு, தேதி, நேரம் எல்லாம் இருக்கிறதே, இதைவிட என்ன சான்று வேண்டும்? என் வாழ்நாளில் செய்த பெரிய மடத்தனம் அதுதான்.

கண்காணிப்பாளர் முதல் பக்கத்தை அலுப்போடு புரட்டினார். இரண்டாம் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சரிபாதியா? ஒண்ணுக்கு ஒண்ணா? நான் ரெண்டுக்கு ஒண்ணுல்ல போட்டுக்கிட்டிருக்கேன்!” என்று முணுமுணுத்தார். அவர் மீசை செம்புக் கம்பி நிறத்தில் இருந்தது. நோட்டைத் தூக்கிக்கொண்டு இயக்குநர் அறைக்கு ஓடினார். அரைமணி நேரத்தில் எங்களை அழைத்தார்கள்.

இயக்குநர் சாந்தமான மனிதர். பஞ்சு மாதிரி நரை, நடுவில் ஒரு பட்டை மட்டும் ஊதா. எப்போதோ செய்துபார்த்துப் பயந்துபோய் நிறுத்தியிருக்கவேண்டும். “அம்மா, காகிதத்தில் எதை வேணும்னாலும் எழுதலாம். இந்தத் துறை கண்ணால் கண்டதைத்தான் நம்பும். ஆகவே செயல்முறை விளக்கம் தேவை. நரைத்த தலை ஒன்று இந்த முறையில் இவ்வளவு இயல்பாகக் கறுக்கும் என்று நீங்கள் காட்டவேண்டும். யாருடைய தலையைக் கொடுப்பது என்று யோசித்தேன். கீழ்நிலை ஊழியர்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. பொதுநலத்துக்காக என் தலையையே கொடுக்கிறேன்” என்றார்.

கூட்ட அரங்கில் நீள மேசைக்கு முன்னால் துண்டு போர்த்தி உட்கார்ந்தார். அக்கா காதைச் சுற்றி வாசலின் தடவினாள். முத்திரை கிடைக்கும் என்ற ஒரே எண்ணத்தில், பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு மேசை தயார் செய்வது மாதிரி, ஒரு சொட்டுச் சிந்தாமல் செய்தாள். அலசித் துடைத்துக் கண்ணாடியைக் காட்டியபோது இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. “நான் சேர்ந்த அன்னிக்கு இப்படித்தான் இருந்தேன்” என்றார்.

“அப்ப முத்திரை, சார்?”

“ஒரு தலையை வைத்து முடிவுக்கு வருவது அறிவியல் ஆகாதே அம்மா. நீங்கள் ஆய்வகத்தில் இருந்தவர், உங்களுக்குத் தெரியாததா?”

கண்காணிப்பாளர் அதற்குள் சட்டைக் காலரை மடித்துவிட்டுக்கொண்டு நின்றார். அடுத்து கணக்குப் பிரிவு, பிறகு தபால் பிரிவு, பிறகு நெற்றிக்கண். மூன்று நாள், இருபத்தாறு தலை. கீழே கவுன்டர்களில் ‘ஒப்புமைப் பணி நடைபெறுவதால் சேவை இல்லை’ என்று பலகை தொங்கியது. பொதுமக்கள் பலகையைப் படித்துவிட்டு, வேலை நடக்கிறது என்ற திருப்தியோடு உட்கார்ந்திருந்தார்கள். அக்காவின் விரல்களெல்லாம் கையுறைக்குள் வெந்து ஊறிப்போயிருந்தன. இடையில் மகள் கூப்பிட்டது. “கால் வீங்குதும்மா. ராத்திரி தனியா இருக்க பயமா இருக்கு. எப்ப வர?” அக்கா கையுறையைக்கூடக் கழற்றாமல், தோளில் போனை இடுக்கிக்கொண்டு, “வந்துடறேன் கண்ணு, இன்னும் நாலே நாலு தலை” என்றாள். அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்திருக்கும்?

நாலாவது நாள் காலையில் வாசலில் ஒரே அமளி. காவலாளி யாரையும் உள்ளே விடவில்லை. அடையாள அட்டையில் இருக்கும் படத்துக்கும் வந்து நிற்கும் ஆளுக்கும் பொருத்தமில்லையாம். “சாரோட தம்பியா? சார் வரட்டும்” என்று இயக்குநரையே நிறுத்திவைத்துவிட்டான். இருபத்தேழு வருஷமாக அவருக்குச் சலாம் போட்ட ஆள். நான் அக்காவின் கையைக் கிள்ளினேன். இப்போது புரியும், இப்போது விடிவுகாலம் என்று நினைத்தேன்.

இயக்குநர் வெயிலில் நின்றபடியே எங்களிடம் திரும்பினார். முகத்தில் பெருமிதம். “பார்த்தீங்களாம்மா! தலைவனையே தடுத்து நிறுத்தும் துறை இது. எவ்வளவு கட்டுக்கோப்பு!” என்றார். பிறகு அங்கேயே ஒரு தாளை வாங்கிக் காவலாளியின் முதுகில் வைத்து ஒரு சுற்றறிக்கை எழுதினார். ‘இத்துறை அலுவலர்களின் தோற்றம் அவர்களின் பதவியால் உறுதிசெய்யப்படுவதால், அவர்களுக்கு முகம் ஒரு பொருட்டல்ல.’ கையெழுத்திட்டார். காவலாளி சலாம் போட்டான். எல்லோரும் உள்ளே போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் வெளியே நின்றோம்.

“எங்களுக்கும் அதுல ஒரு வரி சேத்து எழுதக்கூடாதா சார்?” என்று பின்னாலேயே கத்தினேன். “உங்கக்கா என்ன பதவியில இருக்காங்க?” என்றார் கண்காணிப்பாளர், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவராக.

அதற்கப்புறமும் கோப்பு ஏன் நகரவில்லை என்பது நாலாவது வாரக் கடைசியில்தான் தெரிந்தது. அளவு எடுத்தபின் அக்கா கண்காணிப்பாளரின் மேசை முன்னால் கைகூப்பி நின்றாள். அவள் யாரிடமும் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. “ரெண்டே வாரம் இருக்கு சார். போன தடவ அது எல்லாத்தையும் தனியா பாத்துச்சு. இந்த தடவையும் விட்டுட்டா நான் என்னத்துக்கு அம்மான்னு இருக்கறது?”

கண்காணிப்பாளர் இளகிவிட்டார். கதவைச் சாத்திவிட்டு மெல்லச் சொன்னார். “உங்களுக்குன்னு சொல்றேன், வெளிய சொல்லாதீங்க. இயக்குநரே கையெழுத்துப் போட்டிருப்பாரு. ஆனா நீங்க போயிட்டா எங்களுக்கு வேர் வெளுக்குமேம்மா? மாசத்துக்கு ஒரு தடவ தொட்டுவிடணும்னு நீங்கதானே நோட்டுல எழுதியிருக்கீங்க. துறையோட ஒப்புமை இப்ப உங்க கையிலதான் இருக்கு.”

“அந்த நோட்டப் பாத்து நீங்களே பூசிக்கலாமே!” என்றேன்.

“நோட்டு கோப்புல சேந்துடுச்சு. கோப்ப மூடினாத்தான் திருப்பித் தரமுடியும்.”

“அப்ப மூடுங்க!”

“மூடினா அவங்க போயிடுவாங்களே” என்றார், சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிற பொறுமையோடு.

அக்காவின் பின்னால் படியிறங்கினேன். வகிட்டில் ஒரு வெள்ளைக் கோடு தெரிய ஆரம்பித்திருந்தது. அரை அங்குலம். வீட்டில் சிறிய பெட்டி ஒன்று தயாராகக் கதவோரம் நின்றுகொண்டிருந்தது, குழந்தைச் சட்டைகளும் அவள் பின்னிய இரண்டு தொப்பிகளுமாக. ஒவ்வொரு தடவை உள்ளே நுழையும்போதும் அதைச் சுற்றிக்கொண்டு போவாள், நகர்த்தி வைக்கமாட்டாள்.

ஐந்தாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலை. ஏழாம் கவுன்டருக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் எண்ணுக்கு இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அக்காவின் போன் அடித்தது.

“அம்மா” என்றது பெண். குரல் தேய்ந்து கிடந்தது. பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது. “பொறந்துடுச்சும்மா. நாள் இருக்குன்னுதான் சொன்னாங்க, விடியறப்பவே வலி வந்துடுச்சு. பொண்ணு. நல்லா இருக்கு. நானும் நல்லா இருக்கேன்.”

“யாரு கண்ணு கூட இருந்தா?”

“யாருமில்லம்மா. நர்ஸ் ஒருத்தங்க கைய நீட்டினாங்க, புடிச்சுக்கிட்டேன். அவங்களுக்கு டியூட்டி முடிஞ்சு போகணும். நான்தான் விடவே இல்ல.” பிறகு அந்தப் பெண் அழுதது. “கதவு திறக்கறப்பல்லாம் நீதான்னு பாத்தேம்மா.”

“நல்லா இரு தாயே. நல்லா இருங்க ரெண்டு பேரும்” என்றாள் அக்கா. போனை மடியில் வைத்தாள். அழவில்லை. முகத்தில் இருந்ததெல்லாம் வடிந்து இறங்கிவிட்டது. அத்தானை அனுப்பிவிட்டு வந்து என் கடையில் வெள்ளைத் துணிக்கு முன்னால் உட்கார்ந்தாளே, அப்படி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அந்தக் கட்டிடத்தையே கொளுத்தவேண்டும் போல இருந்தது. கையில் மூன்று செட் நகலோடு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எண் வந்தது. அக்கா எழுந்து போய்க் கவுன்டருக்கு முன்னால் நின்றாள். நெற்றிக்கண் அடிக்கோலை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். அடிக்கோலைக் கீழே வைத்தார். படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இருக்கையைவிட்டு எழுந்து நின்றார்.

“அட! அச்சு அசலா அப்படியே இருக்கீங்களே! ஆடாதீங்க, இப்படியே இருங்க” என்றவர், யாரையும் கேட்காமல், கண்காணிப்பாளரைக்கூடக் கூப்பிடாமல், முத்திரையை மையில் ஒற்றி ஓங்கிக் குத்தினார். ‘ஒப்புமை உறுதி.’

பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார். நல்ல மனிதர்தான், ஒருத்தருக்கு உதவி செய்துவிட்ட நிறைவு அவர் முகத்தில் தெரிந்தது. “பாத்தீங்களாம்மா, முடி ஒரு பிரச்சினையே இல்ல. முதல் நாளே இந்த முகத்தோட வந்திருந்தீங்கன்னா அன்னிக்கே குத்திக் குடுத்திருப்பேனே” என்றார்.